குழியில் விழாத பைக்

அத்தியாயம் ஒன்பது

சதீஷ்குமாரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே சௌபர்ணிகாவுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் அவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டாள். இடைப்பட்ட நேரத்தில் அவன் செய்ததெல்லாம், தன் மோட்டார் சைக்கிளின் டாங்க் மேல் உதிர்ந்திருந்த வேப்பம்பூவைக் கைக்குட்டையால் துடைத்தது மட்டும்தான்.

சிவகங்கையில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே, மர நிழலில் காலை எட்டு மணிக்கே நின்றுகொண்டிருந்தான். ஆறடி உயரம், உடற்பயிற்சியில் முறுக்கேற்றிய கைகள், தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. வண்டியும் அவனுக்கேற்றபடி எருமைக்கடா மாதிரி இருந்தது. தெருவையே விலைக்கு வாங்கிவிட்டவன் போல இரண்டும் சேர்ந்து பாதி வழியை அடைத்திருந்தன.

எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சாலா ஆறு நாளாக நினைவில்லாமல் கிடந்தாள். அமராவதிபுதூர்ப் பெண். இருபத்து மூன்று வயது. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக்கி நடத்துகிறார்களே, அங்கே வரவேற்பில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் நூற்றிருபத்தைந்து சிசி பைக் ஒன்றை வாங்கியிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை மாலை, கானாடுகாத்தானை விட்டு வெளியே வரும் கிளைச்சாலையில், கண்மாய்க்கரை வளைவில் பெரிய குழிக்குப் பக்கத்தில் மண்டை உடைந்து கிடந்தாள். வண்டியின் முன்சக்கரம் குழிக்குள் இருந்தது.

பெண்பிள்ளை, புதுசு, ஹெல்மெட் வேறு போடவில்லை என்று ஊர் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போலீஸ் கொஞ்சம் கூடுதலாக உழைத்தது. இரண்டு வாரத்துக்கு முன் சாலா அந்த வண்டியின் மேடு பள்ளத்தின் குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்கையும் பின் ஷாக் அப்சார்பரையும் மாற்றியிருந்தாள் என்று கண்டுபிடித்து, மாற்றிக் கொடுத்த காரைக்குடி மெக்கானிக் முத்துவீரன் மேல் வழக்குப் போட்டது. தப்பாகப் பூட்டினான், வண்டி நிலை தடுமாறியது, பெண் விழுந்தாள், கோப்பு முடிந்தது. அந்த முத்துவீரன்தான் சௌபர்ணிகாவின் கட்சிக்காரர். எட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய வண்டிகளை ஆராய்ந்துவிட்டு, பிறகு காரைக்குடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள் அவள். உதவிக்கு அழகுசுந்தரம். தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கியும் வாய் இறங்கவில்லை.

சதீஷ்குமாருக்கும் சாலாவுக்கும் நிச்சயம் ஆகி, போன மாதம் அவள்தான் அதை முறித்தாள். விபத்துக்கு மூன்று நாள் முன்னால் இவன் முத்துவீரனின் பட்டறைக்கே வந்து, கொசு மாதிரி ஒரு வண்டிக்கு இத்தனை அலங்காரமா என்று அவளைப் பத்துப் பேர் முன்னால் கேலி செய்திருக்கிறான். விபத்து நடந்த மாலை கானாடுகாத்தான் பக்கம் இவன் போனது பெட்ரோல் பங்க் கேமராவில் பதிவாகியிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அன்னைக்கு சாயங்காலம் எதுக்கு அங்குட்டுப் போனீக?" என்று கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்க."

"கேட்டீகளா?"

"ஆளைப் பார்க்க முடியலை. திரும்பிட்டேன்."

"மன்னிப்பை டாங்க்லயே பூட்டி வச்சுக்கிட்டு வந்துட்டாரு போல, மேடம்," என்றார் அழகுசுந்தரம். "இறங்கி எடுக்கணும்னா வண்டி கீழ சாஞ்சிரும்ல."

சௌபர்ணிகா சிரித்தாள். அவன் காதில் விழட்டும் என்றுதான் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் உட்காரத் தயாராக இருக்கும்படி சொன்னாள். அவன் கோபப்படவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார், தன்னை மேலே விட மாட்டேன் என்கிறார்களே என்று மட்டும் கேட்டான். அது உங்களுக்கு அவசியமில்லாத விஷயம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மேலே சுபா இருந்தாள். சாலாவோடு அதே ஓட்டலில் வேலை செய்பவள், அதே வயது, ஒடிந்து விழுகிற மாதிரி உடம்பு. வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது சாலாவைக் குழியருகே முதலில் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தவள் இவள்தான். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, அதனால்தான் நடந்து வந்தேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறு நாளும் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. அன்று சாலாவின் அம்மாவையும் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மாலையில் வரச்சொல்லி அனுப்பியிருந்தாள்.

கீழே அந்தத் தடியனைப் பார்த்த கண்ணுக்கு இவளைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. டாக்டர் தன்னிடம் சொன்னதை சௌபர்ணிகா அவளிடம் சொன்னாள். மயக்க மருந்தை இன்று குறைக்கிறார்கள், மதியத்துக்குள் சாலா கண் விழிக்கலாம்.

"முதல்ல உன்னைத்தான் பார்ப்பா," என்றாள்.

சுபா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சௌபர்ணிகா அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

காரைக்குடிக்கு வந்து சேரும்போது மணி பத்தேகால். முத்துவீரனின் பட்டறை வாசலில் பெரிய வண்டிகள் வரிசையாக நின்றன. முத்துவீரன் ஒல்லியான மனிதர். தன் பட்டறைக்கு ஐந்நூறு சிசிக்குக் கீழே எது வந்தாலும் அதைப் பொம்மை என்றுதான் சொல்வார். பெண் துப்பறிவாளரிடம் போக வேண்டிய கேடு தனக்கு வந்துவிட்டதே என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொன்னவர். அன்று முதல் சௌபர்ணிகா கேட்கும் கேள்விக்கெல்லாம் அழகுசுந்தரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லி வந்தார். அவளும் பதிலுக்கு அவரை ஒரு ஸ்பானரைப் பார்ப்பது போலத்தான் பார்த்து வந்தாள்.

சதீஷ்குமாரை இன்று பிடித்துவிடலாம், அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம் என்று சொல்லி, முந்தின நாள் ஸ்டேஷன் வளாகத்தில் எடுத்த படங்களை நீட்டினாள். எடுத்தவர் அழகுசுந்தரம். நாற்பது படத்தில் பன்னிரண்டில் அவர் முகமே கண்ணாடியில் தெரிந்தது. மீதியில் சாலாவின் வண்டி இருந்தது. ஃபோர்க்கில் ஏதாவது தவறு தெரிகிறதா என்பதுதான் அவள் கேட்க வந்தது.

முத்துவீரன் அசட்டையாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தார். கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார்.

சாலாவுக்கு முதுகெலும்பில் தட்டு விலகல். தினமும் அமராவதிபுதூரிலிருந்து கானாடுகாத்தான் போய் வர வேண்டும். கம்பெனியில் பூட்டிக் கொடுத்த ஃபோர்க் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அடித்த அடி நேராக அவள் முதுகில் இறங்கியது. நாற்பத்தேழு கிலோ உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியுமா என்று கேட்டு வந்தபோது முத்துவீரன் சிரித்திருக்கிறார். அவள் சிரிக்கவும் இல்லை, போகவும் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து வந்து நின்றாள். கடைசியில் அவர் அவள் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங், புது ஆயில், பின்னால் கேஸ் நிரப்பிய ஷாக் என்று எல்லாம் மாற்றினார். சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைச் சுற்றிவிட்டார். பின் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம். சக்கரம் மேட்டில் ஏறி ஃபோர்க் அமுங்கும்போது டை மேலே தள்ளப்படும். ஃபோர்க் பழைய நிலைக்குத் திரும்பினாலும் டை தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். எவ்வளவு ஆழம் அமுங்கியது என்று அதைப் பார்த்தால் போதும். பின்னால் வளையமும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் சாலா பட்டறைக்கு வந்தாள். அவர் தண்டைத் துடைத்து, டையையும் வளையத்தையும் ஆரம்ப இடத்துக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து காட்டச் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அவள் ஆம்புலன்ஸில் போனாள்.

"குழி எவ்வளவு ஆழம்?" என்று முத்துவீரன் இப்போது கேட்டார்.

"முழங்கால் ஆழம்."

"அதுல வேகமா முன் வீலு இறங்குனா டை உச்சியில போயி முட்டியிருக்கணும். பன்னெண்டு சென்டிமீட்டர். இது ஏழுல நிக்கிது. இந்த வண்டி குழியில விழவே இல்ல, மேடம். யாரோ மெதுவாத் தள்ளிக் கொண்டாந்து இறக்கியிருக்காக."

அவர் அவளை நேராகப் பார்த்து மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதை ரசிக்கிற நிலையில் அவள் இல்லை. எட்டு வருடம் உடைந்த வண்டி பார்த்துப் பழகிய கண். நேற்று அந்த வண்டிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். அந்த டை அவள் கண்ணில் படவில்லை. கற்றுக்கொள்கிற வண்டிதானே என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆனாலும் சதீஷ்குமாரை விட மனமில்லை. வேறெங்கோ அடித்துப் போட்டுவிட்டு, அவன்தான் வண்டியை ஓட்டி வந்து குழியில் இறக்கியிருக்கிறான் என்றாள். முத்துவீரன் பழைய முத்துவீரனாகி, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கி ஒரு வண்டியை உருட்டி வந்தார். அதே மாடல். அதே ஃபோர்க். அதே ஷாக்.

"இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான்," என்று வாய்க்குள் முணுமுணுத்தார். "ஊருக்குள்ள போக வர."

"ஓட்டல்காரரு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுற கதையால்ல இருக்கு," என்றார் அழகுசுந்தரம்.

முத்துவீரன் காது சிவக்க, அவரையே வண்டியில் ஏறச் சொன்னார். அழகுசுந்தரம் எண்பத்தெட்டு கிலோ. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கி, பிரேக் அடித்துத் திரும்பி வந்தபோது டை பத்து சென்டிமீட்டரில் நின்றது. டையை இறக்கிவிட்டு சௌபர்ணிகா ஓட்டினாள். அவள் ஐம்பது கிலோ. டை ஏழைத் தொட்டது. படத்திலும் ஏழு.

"அப்ப ஓட்டுனது சாலாவேதான்," என்றாள்.

முத்துவீரன் பின் ஷாக்கின் படத்தைக் காட்டினார். ரப்பர் வளையம் தண்டின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அவள் இப்போது ஓட்டி வந்த வண்டியிலோ வளையம் பாதியைத் தாண்டவில்லை. பின்னால் ஒருவர் உட்காராமல் அந்த வளையம் அவ்வளவு தூரம் போகாது. எத்தனை கிலோ ஆள் என்று பார்க்க வேண்டுமானால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் சாலாவைப் போல மெலிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். பெண் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்காருவதைவிடச் சும்மா நடந்து போகலாம் என்று பேசுகிற முத்துவீரன், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, சௌபர்ணிகாவின் பின்னால் ஏறிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வேகத்தடை வரை போய் வந்தார். இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தார். முன் டை ஏழு. பின் வளையம் கடைசியில்.

அந்த வண்டியில் வந்தது இரண்டு பேர். இரண்டு பேருமே மெலிந்தவர்கள். ஒருத்தி சாலா. மண்டை உடைந்தவள் ஓட்டியிருக்க முடியாது, அவள் பின்னால்தான் இருந்திருக்க வேண்டும்.

சதீஷ்குமார் முன்னால் உட்கார்ந்திருந்தால் டை அவனைக் காட்டிக் கொடுத்திருக்கும். காலையிலிருந்து அவள் ஆசையாகக் கட்டிய கேஸ் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தில் சரிந்து விழுந்தது.

வண்டி ஓட்டத் தெரிந்த, மெலிந்த ஆள் யாராவது சாலாவோடு பழகினார்களா என்று கேட்டாள். முத்துவீரன் தோளைக் குலுக்கினார். கூட ஒரு பெண் வருமே, அதைத்தான் கேட்கிறீகளா என்றார். முதல் இரண்டு தடவையும் சாலா பின்னால்தான் உட்கார்ந்து வந்தாள். ஓட்டியது அந்தப் பெண். ஓட்டலில் கூட வேலை பார்க்கிறவள். சாலாவுக்குக் கற்றுக் கொடுத்ததே அவள்தான். இந்தக் குறுகலான சந்தில் ஒரே மடக்கில் வண்டியைத் திருப்பினாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. ரெண்டு பொம்பளைப் புள்ளைக வந்துச்சுக, யாரு ஓட்டுனா நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

"பேரு?"

"சுபான்னு கூப்பிட்டுச்சு."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத சுபா. சிவகங்கையில் அறைக்குள் சாலாவோடு தனியாக இருக்கும் சுபா. மதியத்துக்குள் சாலா கண் விழிப்பாள் என்று காலையில் தானே போய்ச் சொல்லி, தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்த சுபா.

மருத்துவமனை வரவேற்பு எண் மணியடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் எடுக்க ஆளில்லை. இன்ஸ்பெக்டர், பெண் காவலரை அரை மணி நேரத்தில் அனுப்புவதாகச் சொன்னார். இவர்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். இப்போது அந்தக் கட்டடத்தின் வாசலில் அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான் நிற்கிறான். அவன் எண் அவள் குறிப்பேட்டில் இருந்தது. பக்கத்தில் திமிர் பிடித்தவன் என்று அவளே எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். அந்த எண்ணை அழுத்தும்போது விரல் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"சௌபர்ணிகா பேசுறேன். ரெண்டாவது மாடி, பன்னெண்டாம் நம்பர் ரூம். இப்பவே மேல போங்க. உள்ள இருக்க பொண்ணை சாலா பக்கத்துல விடாதீக."

காலையில் குற்றவாளி என்று சொல்லாமல் சொன்னவள், இப்போது ஏவுகிறாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. படிக்கட்டில் ஓடும் சத்தமும், யாரோ நில்லுங்க என்று அதட்டும் சத்தமும், துணி கிழியும் சத்தமும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது.

அழகுசுந்தரம் காரை ஓட்டினார். ஒக்கூர் தாண்டியதும் சதீஷ்குமார் அழைத்தான். அவன் உள்ளே போனபோது கதவு சாத்தியிருந்தது, சுபா கையில் தலையணையோடு கட்டிலருகே நின்றாள். தலையைத் தூக்கி வைக்கத்தான் எடுத்தேன் என்றாள், இருக்கலாம் என்றான். இப்போது அவளைப் பெண் காவலர் அழைத்துக்கொண்டு போய்விட்டார். தான் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகவும், யார் சொன்னாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னான்.

நர்ஸ்கள் உடை மாற்றும் சின்ன அறையில் சுபாவை உட்கார வைத்திருந்தார்கள். கேபிள் டையைப் பற்றியும் ரப்பர் வளையத்தைப் பற்றியும் முத்துவீரனின் சந்தில் அவள் ஒரே மடக்கில் வண்டி திருப்பியதைப் பற்றியும் சௌபர்ணிகா சொல்லி முடித்ததும், அவள் அழுகையை நிறுத்தினாள். குழாயை மூடியது போல நின்றது அது.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றின் சாவி ஓட்டலில் இருந்தது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். அந்த வீட்டுப் பழைய பெல்ஜியம் கண்ணாடிகளை சுபா ஆறு மாதமாக ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டு, சட்டத்துக்குள் கடையில் வாங்கிய புதுக் கண்ணாடியைப் பொருத்தி வந்தாள். விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டப் போன சாலா, நூறு வருடத்துக் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லாமல் தன் முகம் தெரிவதைப் பார்த்துவிட்டாள். நீயாகவே மேனேஜரிடம் சொல், சாயங்காலம் வரைக்கும் நேரம் என்றிருக்கிறாள். சாயங்காலம் அந்த வீட்டு மாடிப்படியில் பேச்சு முற்றியது. சுபா தள்ளினாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தன் முதுகோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டி, அவள் வண்டியிலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் கொண்டுவந்தாள். தெரு நெடுக அரண்மனை மாதிரி வீடுகள்; எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. கண்மாய்க்கரையில் அவளைக் கிடத்தி, வண்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகுதான் மூச்சு இருப்பது தெரிந்தது. அதற்குள் ஒரு ட்ராக்டர் வந்தது. அதனால் கத்தினாள். ஆம்புலன்ஸை அழைத்தாள். எல்லோரும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"வண்டியை யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாகன்னு நெனச்சேன்க்கா," என்றாள். "கத்துக்குற வண்டிதானே."

இவளைத் திட்டுவதற்கு சௌபர்ணிகாவிடம் வார்த்தை நிறைய இருந்தது. ஆனால் அதே வார்த்தையைத் தானும் நேற்று மனசுக்குள் சொன்னது ஞாபகம் வந்ததால் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் எண் அறையில் சதீஷ்குமார் ஒரு சின்ன முக்காலியில், கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தான். செக்யூரிட்டி பிடித்து இழுத்ததில் சட்டைப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் சாலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸ் வந்து அவள் பெயரைக் கேட்டபோது தெளிவாகச் சொன்னாள்.

"எப்ப கண் முழிச்சாங்க?" என்று சௌபர்ணிகா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அரை மணி நேரம் ஆச்சு. என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

அழகுசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சாலாவின் அம்மாவுக்குப் போன் போடுவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். சதீஷ்குமார் எழுந்து வராந்தாவுக்கு வந்தான். என்ன நடந்தது என்று கேட்டான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். டையைப் பற்றிச் சொல்லும்போது, அவன் பத்துப் பேர் முன்னால் கேலி செய்த அந்த வேலைதான் அவனைக் காப்பாற்றியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அவன் முகம் அதைப் புரிந்துகொண்டதைக் காட்டியது.

காலையில் பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். அவன் தலையசைத்தான். மன்னித்தானா, கேட்டுக்கொண்டேன் என்கிறானா என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "சாலா அந்த ஃபோர்க்கை மாத்தாம, பழசையே ஓட்டியிருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீக?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொல்லிச் சலித்த தொழில்தான்.

"உங்களை உள்ள வச்சிருப்பேன்," என்றாள். "வச்சுட்டு நிம்மதியாத் தூங்கியும் இருப்பேன்."